காட்டுப்பள்ளிக்காரியும் கேத்தரினும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதில் ஏதாவது ஒரு கன்டெய்னரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஏழு எண். முதல் மூன்று எழுத்து உரிமையாளர் யார் என்று சொல்லும். நான்காவது எழுத்து, இது சரக்குப் பெட்டி என்பதற்கான அடையாளம். அடுத்த ஆறு எண்கள் அந்தப் பெட்டிக்கே உரியவை. கடைசி எண்தான் வேடிக்கை. முன்னால் இருக்கும் பத்தையும் ஒரு கணக்கில் போட்டால் வரும் விடை அது. வழியில் யாராவது ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் கணக்கு உதைக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது, எந்தத் துறையில் இறங்கியது என்பதைச் சில நிமிடத்தில் கணினி சொல்லிவிடும்.

இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு மரியாதை. இதே ஊரில் பிறந்த ஒரு மனுஷிக்கு?

என் தங்கை மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா பக்கம் அரைமணி நேரத்தில் முடிந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீடு. ஒரு பெயர் தெரிந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறிவிடலாம். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தானே. அம்மா பக்கம் ஏறியபோதுதான் படி உடைந்தது. திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் ஆயாவிடம் போய் நின்றோம்.

“ஆயா, உங்கம்மாவோட அம்மா பேரு இன்னா?”

“பேரு யாருக்குடா தெரியும்? காட்டுப்பள்ளிக்காரின்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க.”

அவ்வளவுதான். காட்டுப்பள்ளியிலிருந்து கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தவள். வந்த இடத்தில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது, சொந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. சாகும்வரை பிறந்த ஊரின் பெயரால்தான் அவளை அழைத்தார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒருத்தியின் பெயரே இப்படிப் போய்விடும் என்றால், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இருந்த ஒரு பெண்ணின் அம்மாவையும் தாத்தாவையும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். கொடிவழி ஆய்வு, அதாவது ஓர் ஆளின் முன்னோரை ஏட்டுச் சான்றோடு ஒருவர் பின் ஒருவராகத் தேடிப் போகிற கலை, அதைச் செய்து காட்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் தடம் காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டரில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. ஆள் ஆங்கிலேயப் பெண். பெயர் கேத்தரின்.

கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, அதன் பதிவேட்டில் முதல் கல்யாணம் ஏறியது. மாப்பிள்ளை எலிஹு யேல். பாஸ்டனில் பிறந்து, 1672-ல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு சம்பளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். பிற்பாடு இங்கேயே கவர்னர் ஆனார். அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு அவர் அனுப்பிய புத்தகங்களுக்கும் துணிமூட்டைகளுக்கும் நன்றியாக அந்தக் கல்லூரி யேல் என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்தக் கதை பலருக்கும் தெரியும். மணப்பெண்ணின் கதை தெரியாது.

பதிவேட்டில் அவள் பெயர் கேத்தரின் ஹின்மர்ஸ். ஆனால் அது அவள் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. ஜோசப் ஹின்மர்ஸின் விதவை என்று அதே வரியிலேயே குறித்திருக்கிறார்கள். கோட்டைக் கவுன்சிலில் இரண்டாம் இடத்தில் இருந்த அதிகாரி அவர். அதே 1680-ல் இறந்துபோனார். ஆக, இந்த ஒரு வரிக்குள்ளேயே அவளுக்கு இரண்டு வீட்டுப் பெயர் வந்துவிட்டது: நேற்று வரை ஹின்மர்ஸ், இன்று முதல் யேல். மூன்றாவதாக, முதன்முதலாக அவளுக்கு இருந்த பெயர் இந்த ஏட்டில் இல்லை.

இங்கிலாந்துப் பெண்களின் முன்னோரைத் தேடுகிறவர்கள் மோதிக்கொள்கிற முதல் சுவர் இதுதான். கல்யாணமானதும் வீட்டுப் பெயர் மாறிவிடும். எங்கள் ஆயாவின் பாட்டிக்கு ஊர் நின்று பெயர் போயிற்று. கேத்தரினுக்கு முதல் பெயர் நின்று வீடு போயிற்று. (நம்மூரில் இன்றும் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றலாமா வேண்டாமா என்று வங்கிக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அலைகிற பெண்களுக்கு இந்தச் சுவர் புதிதல்ல.) எல்லா ஐரோப்பியரும் இப்படி இல்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்த டச்சுக்காரர்களின் வழக்கம் வேறு. கல்யாணமான பின்னும் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஏடுகளில் பிறந்த வீட்டுப் பெயரோடே இருப்பார்கள். அதே கடற்கரை, அதே நூற்றாண்டு. டச்சுக்காரி என்றால் தேடுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கொடிவழிக்காரர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: தெரிந்த ஆளிலிருந்து தொடங்கு, ஒவ்வொரு படியாகப் பின்னால் போ, தாவாதே. கேத்தரினுக்கு அடுத்த படி முதல் புருஷன். அவருடைய கல்லறை இன்னும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பாக நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான். ஒரு காலத்தில் அது கோட்டைக்காரர்களின் இடுகாடு. கொய்யாத் தோட்டம் என்று பெயர். 1758-59-ல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அங்கிருந்த கல்லறைகளின் மறைவில் பதுங்கிக்கொண்டு கோட்டையைச் சுட்டது. இனி அந்த வசதி யாருக்கும் வேண்டாம் என்று ஆங்கிலேயர்கள் பிற்பாடு கற்களைப் பெயர்த்து மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் பாவிவிட்டார்கள். தப்பியவை மிகச் சில. அதில் ஒன்று இது. இடைஞ்சலாக இருக்கிறது, வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று 2023-ல் ஒரு வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் உத்தரவும் போட்டது.

கல்லறைக்குள் இரண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ். மற்றவன் டேவிட் யேல் என்ற சின்னஞ்சிறு பையன். எலிஹு யேலுக்கும் கேத்தரினுக்கும் பிறந்தவன், குழந்தையாகவே போய்விட்டவன். இறந்துபோன முதல் புருஷனும் இரண்டாம் புருஷனின் மகனும் ஒரே கல்லின் கீழ். இருவருக்கும் ரத்த உறவு ஒரு துளிகூடக் கிடையாது. இருவரையும் இணைக்கிற ஒரே ஆள் கேத்தரின். அவள் அந்தக் கல்லறையில் இல்லை. கொடிவழியில் பெண்களின் இடம் இப்படித்தான்: இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏன் இருக்கின்றன என்று கேட்டால்தான் நடுவில் அவள் தெரிவாள்.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஆளுக்கொரு கூட்டல். ஹின்மர்ஸ், ஹிம்மர்ஸ், ஹிம்னர்ஸ் என்று கை போன போக்கில் எழுதுவார்கள். அகரவரிசைப் பட்டியலில் தேடினால் மூன்றும் மூன்று வேறு இடத்தில் இருக்கும். இதற்கு அமெரிக்காவில் ஒரு தந்திரம் கண்டுபிடித்து 1918-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். சவுண்டெக்ஸ் என்று பெயர். ஒலிக்குறி என்று சொல்லலாம். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள். உயிரெழுத்துகளைத் தூக்கி எறி. மிச்சமுள்ள மெய்களை வாயில் பிறக்கும் விதத்தை வைத்து ஆறு கூட்டமாகப் பிரித்து எண் கொடு. ம, ன இரண்டும் மூக்கொலி, ஆகவே இரண்டுக்கும் 5. ர வுக்கு 6. ஸ வுக்கு 2. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒரு தடவை போதும்.

ஹின்மர்ஸைப் போட்டுப் பாருங்கள். ஹெச், பிறகு ன-வும் ம-வும் ஒட்டி நிற்பதால் ஒரே 5, பிறகு 6, 2. ஹெச்-562. ஹிம்மர்ஸ்? ஹெச்-562. ஹிம்னர்ஸ்? அதே ஹெச்-562. மூன்று கிறுக்கலும் ஒரே பெட்டிக்குள் வந்து விழுந்துவிட்டன. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளைப் பிறப்பிடம் பார்த்துப் பிரித்த நம் இலக்கணப் புலவர்கள் இதைப் பார்த்திருந்தால், ‘இதற்கா காப்புரிமை?’ என்று கேட்டிருப்பார்கள்.

கையெழுத்து இன்னொரு காடு. அந்தக் காலத்து எழுத்தர்கள் பயன்படுத்திய சுருட்டைக் கையெழுத்தில் ‘ம’, ‘ன’, ‘உ’, ‘இ’ ஒலிகளுக்கான ஆங்கில எழுத்துகள் எல்லாமே குட்டைக் குச்சிகளின் வரிசைதான். ஐந்து குச்சி நின்றால் அது எந்த எழுத்தும் எந்த எழுத்தும் சேர்ந்தது என்று வாசிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு இது புரியும். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள்; க-வும் க்-கும் ஒன்றுபோலவே இருக்கும். ஓலையைக் கையில் எடுக்கிறவர் எழுத்தைப் படிப்பதில்லை, அர்த்தத்தைப் படித்துக்கொண்டு எழுத்தை ஊகிக்கிறார். லண்டன் ஆவணக் காப்பகத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவரும் அதையேதான் செய்கிறார்.

தேதியிலும் பொறி உண்டு. 1751 வரை இங்கிலாந்தில் அரசாங்க வருஷம் ஜனவரியில் பிறக்கவில்லை; மார்ச் 25-ல் பிறந்தது. அதனால் பழைய ஏட்டில் பிப்ரவரி 1680 என்று இருந்தால், நம் கணக்கில் அது 1681. கல்யாணம் மே 1680, குழந்தை பிறந்தது பிப்ரவரி 1680 என்று இருந்தால் அவசரப்பட்டு வம்பு பேசக் கூடாது. ஒன்பது மாதம் சரியாகவே இருக்கும். முதலாம் சார்லஸ் மன்னனின் தலையை வெட்டியது அவர்கள் ஏட்டில் 1648 ஜனவரி 30, நம் பாடப்புத்தகத்தில் 1649. நம் ஊர்ச் சிக்கல் இதைவிடப் பெரியது. கேத்தரின் கல்யாணம் நடந்தது ரௌத்திரி வருஷம். ஒரு கல்வெட்டில் ‘ரௌத்திரி’ என்று மட்டும் இருந்தால் அது 1680-ஆ, 1740-ஆ, 1800-ஆ என்று யார் சொல்வது? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வந்துவிடும்.

இத்தனை பொறிகளைத் தாண்டி, பிறந்த வீட்டை எப்படிப் பிடிக்கிறார்கள்? பெண்ணைத் தேடாதே, அவளைச் சுற்றி இருந்தவர்களின் உயிலைத் தேடு என்பதுதான் இந்தக் கலையின் மூல மந்திரம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, புருஷன் உயிரோடு இருக்கும் பெண் அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. பெரும்பாலும் சொத்தே அவன் பெயரில்தான். ஆனால் அப்பன் சாகும்போது, ‘இன்னாரைக் கட்டிக்கொண்ட என் மகள் இன்னாளுக்கு இவ்வளவு’ என்று எழுதுவான். ஒரே வரியில் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்து நிற்கும். பாட்டி எழுதினால் பேத்திகளின் பெயர் வரிசையாக வரும். விதவை ஆனால் அவளே எழுதுவாள். அப்போது அக்கா, தங்கை, தோழி, வேலைக்காரி வரை வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்கள். கடல் கடந்து இறந்த ஆங்கிலேயரின் உயில்கள் கான்டர்பரிப் பேராயரின் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று அவை லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சென்னையில் காய்ச்சலில் செத்தவனின் வெள்ளிக் கரண்டி யாருக்குப் போயிற்று என்பதை அங்கே போய்ப் பார்க்கலாம்.

உயில் உறவைச் சொல்லும். வயதைச் சொல்வது தேவாலயப் பதிவேடு. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஜனங்கள் பயந்துபோனார்கள்: நிச்சயம் ஏதோ புது வரி! வரி வரவில்லை. வந்தது, சாமானியரின் பெயர்களும் ஏறிய நானூற்றெண்பது வருஷத்து ஏடு. 1598-ல் இன்னொரு நுணுக்கம் சேர்ந்தது. காகிதம் மக்கிவிடும், தோலில் எழுது. வருஷா வருஷம் ஒரு நகல் எடுத்து பிஷப்புக்கு அனுப்பு. காட்டுப்பள்ளி கன்டெய்னரின் கடைசி எண் மாதிரிதான் இந்த நகல். ஒன்று தப்பினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும், ஒன்று எரிந்தால் மற்றொன்று நிற்கும். எரியவும் எரிந்தது. 1666 லண்டன் பெருந்தீயில் 87 ஊர்த் தேவாலயங்கள் சாம்பலாயின. 1698 முதல் சென்னைப் பதிவேட்டின் நகலும் ஆண்டுதோறும் கப்பலேறி லண்டன் போயிற்று. கேத்தரின் கல்யாணம் அதற்குப் பதினெட்டு வருஷம் முந்தியது. நல்லவேளை, மூல ஏடு பிழைத்தது.

இப்படி உயிலும் ஏடுமாகப் பின்னால் போனால் கேத்தரின் பிறந்த வீடு வருகிறது: எல்ஃபோர்ட். அப்பா வால்டர் எல்ஃபோர்ட், லண்டன் வணிகர். எக்ஸ்சேஞ்ச் ஆலி என்ற சந்தில் காபிக்கடை நடத்தியவர். லண்டனில் முதல் காபிக்கடை திறந்ததே 1652-ல்தான். கேத்தரின் வளர்ந்த காலத்தில் காபி என்பது துருக்கியிலிருந்து வந்த புது மோகம். அந்தக் காபிக்கடைக்காரர் மகள் சென்னைக்கு வந்து சேர்ந்தாள். டிகிரி காபி இல்லாத சென்னையில் அந்தப் பெண் என்ன செய்தாளோ!

அம்மா ஆன். ஆனின் அப்பா ரிச்சர்ட் சேம்பர்ஸ். இவர்தான் இந்தத் தேடலில் கிடைத்த புதையல். 1628-ல் முதலாம் சார்லஸ் மன்னன் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் இறக்குமதி வரி போட்டபோது, கட்ட முடியாது என்று நின்ற வணிகர். அரசவைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கேயும் வாயை மூடவில்லை. இங்கிலாந்தில் வணிகரைப் பிழிகிற பிழியலைத் துருக்கியில்கூடப் பார்க்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அபராதம் 2,000 பவுண்டு. எலிஹு யேல் சென்னைக்கு வந்தபோது வாங்கிய சம்பளத்தில் அது இருநூறு வருஷச் சம்பளம். தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மறுத்துவிட்டு ஆறு வருஷம் சிறையில் இருந்தார். பிறகு காலம் திரும்பி, 1644-ல் லண்டனின் ஷெரீப் ஆனார். வரி கொடுக்க மாட்டேன் என்றவரின் பேத்திதான், சென்னையில் வரி வசூலித்த கம்பெனியின் கவர்னர் மனைவி.

ஒரு வரியில் ‘விதவை’ என்று மட்டும் நின்ற பெண்ணுக்கு இப்போது அப்பா, அம்மா, தாத்தா, ஒரு காபிக்கடை, ஒரு சிறைச்சாலை எல்லாம் வந்துவிட்டன. இன்னும் மேலே போனால்?

போகப் போகக் கணக்கு பயமுறுத்தும். பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேல் 8. முப்பது வருஷம் ஒரு தலைமுறை என்றால் கேத்தரினின் காலம் நமக்குப் பன்னிரண்டு தலைமுறை மேலே. அந்தப் படியில் நம் ஒவ்வொருவருக்கும் 4,096 முன்னோர் இடங்கள். முப்பது தலைமுறை போனால் 107 கோடி. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் உலகம் முழுக்கவே அவ்வளவு பேர் கிடையாது! பதில் எளிது: ஒரே ஆள் பல கிளைகளில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதை முன்னோர் சுருக்கம் என்று சொல்லலாம். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொடுத்த நம்மிடம் இந்தச் சுருக்கம் சீக்கிரமே தொடங்கிவிடும். அப்படிப்பட்ட தம்பதியின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான்.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. அந்த 4,096 பேரில் பெரும்பாலோர் நம் உடம்பில் ஒன்றுமே விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் அம்மாவின் மரபணுச் சரக்கில் பாதி, அப்பாவின் சரக்கில் பாதி என்று சீட்டுக்கட்டைக் கலைத்துப் பங்கு போடுகிறார்கள். துண்டுகள் சிறிதாகிக்கொண்டே வந்து, பலருடைய துண்டு கைமாறாமலே நின்றுவிடுகிறது. பன்னிரண்டாம் படியில் ஏறக்குறைய ஆறில் ஒருவருடைய துண்டுதான் நம்மிடம் தேறும் என்கிறது கணக்கு. ஏட்டில் அவர் உங்கள் பாட்டனார், உடம்பில் அந்நியர்.

ஆனால் அந்த 4,096 பேரில் ஒரே ஒருத்தி நிச்சயமாக இருப்பாள். அம்மாவின் அம்மாவின் அம்மாவின் அம்மா என்று பெண்களையே பிடித்துக்கொண்டு பன்னிரண்டு படி ஏறினால் வருகிறவள். காரணம், இழைமணி. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் சக்தி தயாரிக்கிற குட்டி அடுப்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த அடுப்புக்குத் தனியாக ஒரு மரபணு ஏடு இருக்கிறது. அது அம்மாவின் கருமுட்டையிலிருந்து மட்டுமே வரும். அப்பாவின் விந்தணு கொண்டுவரும் கொஞ்சநஞ்சம் அழிக்கப்பட்டுவிடும். கலைப்பதும் பங்குபோடுவதும் இங்கே இல்லை, அப்படியே நகல். பக்கத்துக்கு இரண்டாயிரம் எழுத்து என்று அச்சடித்தால், மனிதனின் முழு மரபணுத்தொகுப்பு ஐந்நூறு பக்கப் புத்தகம் மூவாயிரத்து நூறு ஆகும். இழைமணியின் ஏட்டில் 16,569 எழுத்துகள்தான். எட்டேகால் பக்கம்.

இந்த எட்டேகால் பக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை. 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்தத்துக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. 1485-ல் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னன்தானா? மன்னனின் அக்கா ஆனின் மகள், அவள் மகள் என்று உயிலும் பதிவேடும் வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே பெண்வழியை இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அது பதினேழு தலைமுறை கடந்து, கனடாவில் பிறந்து லண்டனில் மரவேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் வந்து நின்றது. அவர் கன்னத்துச் சதையைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கூட்டின் ஏட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. ஆண்வழியையும் சோதித்தார்கள். பிரபுக்களின் வம்சாவளிப் பட்டியலில் வழுவழுவென்று ஓடிய அந்த ஆண்வழி, மரபணுவில் ஒத்துவரவில்லை. நடுவில் எங்கேயோ ஓர் அப்பா, ஏட்டில் இருக்கிற அப்பா இல்லை. அச்சிட்டு அட்டை போட்டு வைத்த வழி அறுந்திருந்தது. யாரும் பெயர்கூடச் சரியாக எழுதி வைக்காத வழி நின்றது.

கேத்தரினின் எட்டேகால் பக்கம் எங்கே போயிற்று? சென்னையை விட்டு அவள் 1689-ல் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். புருஷன் பத்து வருஷம் கழித்துத்தான் கிளம்பினார். இங்கே அவருக்கு வேறு குடித்தனம் ஏற்பட்டிருந்தது. அவர் எழுதி வைத்த உயிலில் ‘பொல்லாத மனைவிக்கு’ என்று தொடங்கி, தொகைக்கு வெற்றிடம் விட்டிருந்தார் என்று சொல்வார்கள். மூன்று மகள்கள் பிழைத்தார்கள்: கேத்தரின், ஆன், உர்சுலா. மூத்த கேத்தரினை டட்லி நார்த் என்ற சஃபோக் கனவான் கட்டிக்கொண்டார். அவர்கள் மகள் மேரி நார்த், லாங் என்ற குடும்பத்துக்குப் போனாள். மேரியின் மகன் டட்லி லாங், 1748-ல் பிறந்தவர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். திக்குவாய், ஆனால் நக்கலுக்குப் பேர்போனவர். எல்ஃபோர்ட், ஹின்மர்ஸ், யேல், நார்த், லாங் என்று வீட்டுப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. எட்டேகால் பக்கம் மட்டும் மாறவில்லை. காபிக்கடை வீட்டு ஆனிடமிருந்து, கோட்டைக் கேத்தரின் வழியாக, நாடாளுமன்ற நாற்காலிவரை வந்துவிட்டது. அம்மாவின் சகோதரியின் சொத்து கிடைத்தபோது 1789-ல் அவர் தன் பெயரில் நார்த்தையும் சேர்த்துக்கொண்டார். அவரோடு அந்தக் கிளை முடிந்தது. ஆண்பிள்ளை அந்த ஏட்டை வாங்கலாம், கொடுக்க முடியாது.

எனக்கும் அதே கதிதான். காட்டுப்பள்ளிக்காரியின் ஏடு என்னிடம் இருக்கிறது, என்னோடு நின்றுவிடும். தங்கையிடமும் இருக்கிறது, தங்கை மகளிடமும். இதைச் சொன்னதும் அவள் கணக்குப் போட்டாள். “நான், அம்மா, அம்மம்மா, ஆயா, ஆயாவோட அம்மா, காட்டுப்பள்ளிக்காரி. ஆறு!” பள்ளியில் கொடுத்த தாளில் நான்கு பெட்டிதான். ஸ்கேல் வைத்து மேலே இரண்டு பெட்டி சேர்த்தாள். தாளின் விளிம்பு வந்துவிட்டதால் கடைசிப் பெட்டி சின்னதாகிவிட்டது. பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். ‘காட்டுப்பள்ளி’ வரைக்கும்தான் இடம் இருந்தது.